கியர் சைக்கிளுக்கு வீல் மாற்றலாமா? செய்யக்கூடாத தவறுகள்

கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளோடு வரும் பையன்களில் ஒருவன் கேட்டான்: "அண்ணே, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. இருபதாயிரத்துக்கு ஒரு வீல் செட் பாத்து வச்சிருக்கேன். மாத்திரவா?" வண்டியையே அவன் முப்பதாயிரத்துக்குத்தான் வாங்கியிருந்தான். "இருடா தம்பி, மொதல்ல வண்டியத் தூக்கு" என்றேன்.

முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டோம். நாலு சுற்றில் நின்றது. பிரேக் டிஸ்க் லேசாக வளைந்து, ஒரே இடத்தில் 'ஸ்ஸ்... ஸ்ஸ்' என்று உரசியது. பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் கைக்கு 'டக் டக்' என்று தெரிந்தது. சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பில், பேரிங் குண்டுகளை அணைத்துப் பிடிக்கிற கோன் லூசு. டயரை அமுக்கினால் கல் மாதிரி இருந்தது. பெட்ரோல் பங்கில் 60 பிஎஸ்ஐ அடித்திருக்கிறான். மூன்றையும் சரிசெய்ய முன்னூறு ரூபாய் கூட ஆகவில்லை.

இதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. என்ன கோளாறு என்று தேடாமலே வீல்மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். குறிப்பாகக் காற்று. டயர் கல்லாக இருந்தால் வண்டி வேகமாகப் போகும் என்று நினைக்கிறோம். தார் ரோட்டில் ஓரளவு சரி. சரளைப் பாதையில் ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி எகிறும், எகிறுகிற ஒவ்வொரு முறையும் மிதித்தது வீண். 70 கிலோ ஆள், 2.1 இஞ்ச் டியூப் டயர் என்றால் மண் பாதைக்கு 30 பிஎஸ்ஐயில் தொடங்கிப் பாருங்கள். ரொம்பவும் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

அடுத்தது எடைக் கணக்கு. அரைக்கிலோ குறைந்த வீல் போட்டால் சிறுமலை ஏற்றம் சுலபமாகிவிடும் என்பார்கள். ஆள் 75 கிலோ, வண்டி 14 கிலோ. மொத்தம் 89 கிலோவில் அரைக்கிலோ என்பது ஒரு சதவீதம் கூட இல்லை. ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது இருபது விநாடி. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும், வளைவு முடிந்து வேகம் எடுக்கும்போதும் வித்தியாசம் தெரியும், அதை மறுக்கவில்லை. ஆனால் அப்போது அதிகம் உறுத்துவது சக்கரத்தின் வெளிவிளிம்பில் இருக்கிற எடை. அங்கே இருப்பது டயர்தானே? முதல் செலவை அதில் செய்யுங்கள். எடைக்காக மெல்லிசான டயர் மட்டும் வேண்டாம், நம் பக்கத்துச் சீமைக் கருவேல முள் விடாது.

மூன்றாவது தவறை நானே செய்தேன். என் ஃபிரேமின் பின்பக்கம் சக்கரம் உட்காரும் இடைவெளி 135 மில்லிமீட்டர், அச்சு குயிக் ரிலீஸ், அதாவது கைப்பிடியைத் திருப்பிக் கழற்றுகிற மெல்லிய வகை. நான் ஆசையாக வாங்கி வந்தது ஃபிரேமின் துளைக்குள் நுழைத்துத் திருகுகிற தடித்த அச்சுக்கான 12 மில்லிமீட்டர் த்ரூ ஆக்சில் வீல். கடையில் திருப்பி எடுக்கவில்லை. அளவைப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். டயர் பக்கத்தில் 54-559 போல ஓர் எண் இருக்கும். கடைசி மூன்று இலக்கம்தான் ரிம் அளவு: 559 என்றால் 26 இஞ்ச், 584 என்றால் 27.5, 622 என்றால் 29. பிரேக் டிஸ்க் ஹப்பில் ஆறு போல்ட்டில் நிற்கிறதா, நடுவில் ஒரே வளையத்தால் இறுக்கும் சென்டர்லாக்கா என்றும் பாருங்கள். பின்னால் 7 கியர் வண்டிகளில் பெரும்பாலும் ஹப்பில் மரை திருகி மாட்டுகிற பல்சக்கர அடுக்கான ஃப்ரீவீல்தான் இருக்கும். புது வீலோ பெரும்பாலும் கேசட் என்கிற, செருகி மாட்டும் பல்சக்கர அடுக்குக்கான ஹப்போடு வரும். அப்புறம் கேசட், செயின், சில சமயம் கியர் மாற்றுகிற ஷிஃப்டர் என்று செலவு நீளும்.

சரி, எப்போதுதான் மாற்றுவது? ஸ்போக்ஸ் கம்பி நுழையும் துளையைச் சுற்றி ரிம்மில் கீறல் விட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள். கோட்டம் எடுத்த பிறகும் கம்பி ஒவ்வொன்றாக அறுந்தாலும், ஹப்பில் பேரிங் உருளுகிற கப்பில் குழி விழுந்திருந்தாலும் மாற்றலாம். நம் ஊரில் இன்னொரு நல்ல காரணம் முள். நாகமலைப் பக்கம் ஒரே காலையில் மூன்று பஞ்சர் ஒட்டியிருக்கிறேன். டயரின் உள்பக்கம் விரலால் மெதுவாகத் தடவினால், நுனி ஒடிந்து மாட்டிக்கொண்ட முள் அரிசி முனை அளவுக்கு நெருடும். அதை எடுக்காமல் டியூபை மாற்றினால் அடுத்த பர்லாங்கில் மறுபடி காற்று இறங்கும். டியூப்லெஸ் ரிம், டியூப்லெஸ் டயர், உள்ளே சீலண்ட் திரவம் என்று மாறிவிட்டால் இந்த முள் துளைகள் தானாகவே அடைபடும். சாதாரண ரிம்மில் டேப் ஒட்டி ஒப்பேற்றுவது நம்பகமில்லை. நம் வெயிலில் சீலண்ட் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்து ஊற்றவேண்டும்.

புது வீல் மாட்டியவர்கள் அத்தோடு மறந்துவிடுவதும் உண்டு. முதல் சில சவாரிகளில் கம்பிகள் உட்கார்ந்து இளகும். ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் சுண்டிக்கொண்டே வாருங்கள். எல்லாம் ஒரே சுருதியில் ஒலிக்கவேண்டும். எங்கேயாவது 'தொம்' என்று கேட்டால் அன்றைக்கே கோட்டம் எடுக்கக் கொடுத்துவிடுங்கள்.