லண்டன்–பிராங்ஃபர்ட்: விமான நேரக் கணக்கில் எங்கே சறுக்குகிறோம்

போன வாரம் ஒரு தம்பி கைப்பேசியை நீட்டினார். "அண்ணா, லண்டனிலிருந்து பிராங்ஃபர்ட் 640 கிலோமீட்டர்தான். விமானம் மணிக்கு 800 போகும். முக்கால் மணி நேரத்தில் இறங்கிடலாம், இல்லையா?" நானும் முதல் தடவை இதே கணக்கைத்தான் போட்டேன்.

தூரத்தை வேகத்தால் வகுப்பது

அந்த 640 இரண்டு நகரங்களின் நடுவே இழுத்த நேர்கோடு. விமானம் அப்படிப் போவதில்லை. ஏறவும் இறங்கவும் நேரம் எடுக்கும், சில நாட்களில் இறங்க முறை வரும்வரை வானிலேயே வட்டமடிக்கும். டிக்கெட்டில் ஒரு மணி 40 நிமிடம் என்று போட்டிருந்தால், அது விமானம் நாம் ஏறும் வாசலை (கேட்) விட்டு நகர்வதிலிருந்து அங்கே வாசலில் போய் நிற்கும் வரை. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஓடுபாதைக்கு வரிசையில் நிற்பதும் அதில்தான் சேர்ந்திருக்கிறது.

ஊர்ப் பெயரைப் பார்த்து டிக்கெட் எடுப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும். லண்டனின் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்திலிருந்து 'பிராங்ஃபர்ட் ஹான்' போக 19 பவுண்டுக்கு டிக்கெட் கிடைத்தது. பிராங்ஃபர்ட் என்ற சொல்லோடு என் கண் நின்றுவிட்டது. ஹான் என்றால் ஏதோ இரண்டாம் முனையம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹான் இருப்பது பிராங்ஃபர்ட்டுக்கு மேற்கே ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தள்ளி, ஹுன்ஸ்ரூக் மலைப்பகுதியில். ஒரு காலத்தில் அமெரிக்க விமானப்படைத் தளம். பயணிகள் ரயில் கிடையாது, பேருந்துதான். அதுவும் ஒன்றே முக்கால் மணி நேரம்.

இரவு பத்தரைக்கு இறங்கினேன். எல்லைச் சோதனை இல்லாமல் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் வட்டத்தில் பிரிட்டன் இல்லாததால் பாஸ்போர்ட் வரிசை. முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் நிறுத்தத்தில் ஒருவரும் இல்லை. கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது. வாடகைக் கார் கவுன்டர்களில் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. என்னைப் போலவே முழித்துக்கொண்டு நின்ற இன்னொருவரோடு டாக்ஸியைப் பகிர்ந்துகொண்டேன். என் பங்கு மட்டும் டிக்கெட் விலையைப் போல நாலைந்து மடங்கு. ஸ்டான்ஸ்டெட்டும் லண்டன் நடுவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் என்பதால், அங்கே போக ரயிலுக்கு அழுதது தனி. நகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பெரிய விமான நிலையத்துக்குப் போயிருந்தால், எஸ்-பான் ரயிலில் கால் மணி நேரத்தில் மத்திய ரயில் நிலையத்தில் இருந்திருப்பேன்.

பெயரை விடுங்கள், மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். எஃப்ஆர்ஏ என்றால் பிராங்ஃபர்ட், எச்எச்என் என்றால் ஹான். வேறு ஊர்களிலும் இதே கதைதான்: 'பாரிஸ் பொவே' விமான நிலையம் பாரிஸிலிருந்து 85 கிலோமீட்டர், 'ஸ்டாக்ஹோம் ஸ்காவ்ஸ்டா' ஸ்டாக்ஹோமிலிருந்து 100 கிலோமீட்டர் போல. அப்புறம் வரைபடத்தில் வழியைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கடிகாரத்தைக் கழிப்பது

பிராங்ஃபர்ட் லண்டனுக்கு ஒரு மணி நேரம் முன்னால். காலை 10:00க்குக் கிளம்பி 12:40க்கு இறங்கினால் பயணம் ஒரு மணி 40 நிமிடம்தான். திரும்பும்போது 2:00க்கு ஏறி 2:40க்கு இறங்குவதைப் பார்த்து 'நாற்பதே நிமிடம்' என்று மகிழ்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

எதிர்க்காற்று

லண்டன் திரும்பும்போது பெரும்பாலும் இருக்கும். கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரவின் கடைசி விமானம்

மலிவாகத்தான் இருக்கும். மேலே சொன்ன டாக்ஸியையும் சேர்த்துப் பாருங்கள்.