கண் உலர்வால் கருவிழி சிதைந்தால் செய்ய வேண்டியவை

கண் உலர்வு உள்ளவர்களுக்கு மண் விழுந்ததுபோல் உறுத்தலும் வெளிச்சம் கண்டால் கூச்சமும் நீடித்தால், கருவிழியின் மேல்தோல் புள்ளி புள்ளியாகச் சிதைந்திருக்கக்கூடும். ஃபுளோரசீன் சாயம் தோய்ந்த தாளை நனைத்து இமையின் உட்புறம் தொட்டு, மருத்துவர் நீல ஒளியில் பார்க்கும்போது சிதைந்த இடங்கள் பச்சையாக ஒளிரும். உறுத்தல் குறைவாக இருந்தும் சிதைவு மிகுந்த கண்கள் உண்டு என்பதால், இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

சிகிச்சையின் அடிப்படை செயற்கைக் கண்ணீர்தான். அதை நாளொன்றுக்கு 4 முறைக்கு மேல் விட வேண்டியிருந்தால், பதப்படுத்தும் பொருள் கலவாத மருந்தையே கேட்டு வாங்குங்கள். பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தும் பொருள் கலந்த சொட்டு, ஏற்கெனவே நைந்துபோன மேல்தோலை மேலும் நைத்துவிடும். எரிச்சல் தணியவில்லையே என்று அதையே அடிக்கடி விட்டுக்கொண்டால் சிதைவு ஆறுவதற்குப் பதில் வளரும். ஆகவே, அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

கையைச் சோப்பிட்டுக் கழுவி, தலையைச் சாய்த்து, கீழிமையை விரலால் மெல்ல இழுத்தால் சிறு பை போன்ற இடைவெளி தெரியும். குப்பியின் முனை இமை மயிரில்கூடப் படாமல் அதில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள்; அந்தப் பை அதற்கு மேல் தாங்காது, மிஞ்சியது கன்னத்தில்தான் வழியும். பிறகு 2 நிமிடம் கண்ணை மூடியிருங்கள். வேறொரு சொட்டு மருந்து இருந்தால் 5 நிமிடம் கழித்தும், களிம்பைக் கடைசியாகப் படுக்கும் முன்பும் இட வேண்டும்.

இமையோர எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருந்தால் கண்ணீர் விரைவில் ஆவியாகிவிடும். அதற்கு, பொறுக்கும் சூட்டில் துணி ஒத்தடத்தை 5 முதல் 10 நிமிடம் கொடுத்து, இமையோரத்தை மெதுவாகத் துடைத்தால் போதும்.

அழற்சி இருந்தால் அதைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டை மருத்துவர் தரலாம். தொடக்கத்தில் அது எரியும். பலன் தெரியச் சில மாதங்கள்கூட ஆகலாம் என்பதால் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டு சொட்டை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். சொந்தமாக நீட்டித்தால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரலாம். இவற்றுக்கும் ஆறாத கண்ணுக்குக் கண்ணீர் வடிந்து வெளியேறும் துளையை அடைக்கும் சிறு அடைப்பான், நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) சொட்டு ஆகிய வழிகள் உள்ளன.

தாய்ப்பால், பூச்சாறு, தேன் எதையும் சிதைந்த கண்ணில் விடாதீர்கள். மேல்தோல் கிழிந்த இடம் கிருமிக்குத் திறந்த வாசல். கடும் வலி, பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, சீழ் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.