'நெருங்கிய நண்பர்' ஆங்கிலத்தில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அவர் எல்லோரிடமும் நன்றாகப் பழகுவார்" என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், நம்மில் பலர் யோசிக்காமல் "ஹி மூவ்ஸ் வெல் வித் எவ்ரிபடி" என்போம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு இது சட்டென்று பிடிபடாது. மூவ் என்றால் அவருக்கு நகர்வது, வீடு மாறுவது. பழகுவதற்குப் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் "கெட்ஸ் ஆன் வெல் வித்" என்பதுதான் வழக்கு. அமெரிக்காவில் "கெட்ஸ் அலாங் வித்" என்பார்கள். நான் முதலில் திருத்த நினைப்பது இந்த ஒன்றைத்தான். இலக்கணம் சரியாக இருப்பதால் இது தவறு என்றே நமக்குத் தோன்றுவதில்லை.

சொற்களுக்குள்ளும் சேர்க்கை உண்டு. 'உற்ற நண்பன்' என்கிறோம், 'உற்ற அக்கா' என்பதில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, காது ஒப்பாது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இதைக் காலோகேஷன் என்கிறார்கள். ஒரு சொல்லை அது எவற்றோடு சேர்கிறது என்பதை வைத்து அறியலாம் என்று மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957இல் எழுதினார். உறவுகளைப் பற்றிப் பேசும்போது சேர்க்கை தவறினால் சில இடங்களில் பொருளே வேறாகிவிடும்.

'நெருங்கிய' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியில் க்ளோஸ், நியர், இன்டிமேட் மூன்றும் கிடைக்கும். நண்பருக்குப் பொருந்துவது க்ளோஸ். 'நியர் ஃப்ரெண்ட்' என்பது வழக்கில் இல்லை. இன்டிமேட் பக்கம் மட்டும் பார்த்துப் போங்கள். இன்றைய ஆங்கிலத்தில் 'இன்டிமேட் ரிலேஷன்ஷிப்' என்றால் பெரும்பாலும் உடலுறவு கலந்த உறவு என்றே எடுத்துக்கொள்வார்கள். முன்னாள் மேலாளரைப் பற்றி வேலை விண்ணப்பத்தில் அப்படி எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? 'குட் வொர்க்கிங் ரிலேஷன்ஷிப்' என்றால் போதும். 'இன் எ ரிலேஷன்ஷிப்' என்பதும் காதல் உறவுக்கு மட்டுமே.

நட்பு உறுதியானது என்று சொல்ல 'ஸ்ட்ராங் ஃப்ரெண்ட்ஷிப்' சரி. ஆனால் 'ஸ்ட்ராங் ஃப்ரெண்ட்' என்றால் உடல் வலுவுள்ள நண்பர் என்றாகிவிடும்! 'ஓல்ட் ஃப்ரெண்ட்' என்பவர் நெடுநாள் நண்பர், நட்பு இன்னும் தொடர்கிறது. நட்பு முடிந்துபோனதைச் சொல்ல வேண்டுமானால் "வீ யூஸ்டு டு பி ஃப்ரெண்ட்ஸ்" என்பதே இயல்பு.

சொந்தக்காரர்கள் விஷயத்தில் சிக்கல் வேறு மாதிரி. தூரத்துச் சொந்தம் 'டிஸ்டன்ட் ரிலேடிவ்'தான், 'ஃபார் ரிலேடிவ்' ஆகாது. சித்தப்பா மகன், அத்தை மகன் என்று பிரித்துச் சொல்லிப் பழகிய நமக்கு வெறும் 'கஸின்' போதவில்லை. அதனால் 'கஸின் பிரதர்' என்கிறோம். இந்தியாவில் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். வெளிநாட்டவரிடம் கஸின் மட்டும் சொல்லுங்கள், ஆணா பெண்ணா என்பதை அடுத்து வரும் ஹி, ஷி காட்டிவிடும்.

அப்புறம் வினைச்சொற்கள். 'மேரி'க்குப் பின்னால் வித் வராது: "ஷி மேரிட் ஹிம்", அல்லது "காட் மேரிட் டு ஹிம்". ஒரே ஒருவரோடு நட்பானாலும் 'மேட் ஃப்ரெண்ட்ஸ் வித் ஹிம்' என்று பன்மைதான். தொடர்பு விட்டுப்போனால் 'லாஸ்ட் டச்'. காதலில் விழுவது 'ஃபால் இன் லவ் வித்'. ஆனால் 'ஃபால் அவுட் வித்' என்றால் சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோனது, அது அண்ணனோடாகவும் இருக்கலாம். மறுபடி பேச ஆரம்பித்துவிட்டீர்களா? "வீ மேட் அப்" என்று சொல்லுங்கள்.