பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதமா? தமிழை நிறுத்திவிடாதீர்கள்

பெங்களூருவில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் காதில் வீட்டில் தமிழ் விழும், வேலைக்கு வரும் அக்காவிடம் கன்னடம், லிஃப்டில் இந்தி, ப்ளே ஸ்கூலில் இங்கிலீஷ். இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால் பழி இந்த மொழிகள் மேல்தான் போகும். 'வீட்டுலயும் இங்கிலீஷ்லயே பேசுங்க' என்று யாராவது சொல்வார்கள். மறுநாளே பாட்டி 'கம், ஈட்' என்று ஆரம்பித்துவிடுவார். நாள் முழுக்கப் பிள்ளையோடு வாயாடிய ஒரே ஆள் இரண்டு சொல்லோடு நின்றுவிட்டதுதான் மிச்சம். பல மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. பிள்ளைக்குத் தெரிந்த சொற்களை எண்ணும்போதும் எல்லா மொழியையும் சேர்த்தே எண்ணுங்கள்: தமிழில் 'தண்ணி', கன்னடத்தில் 'பேடா' (வேண்டாம்), இங்கிலீஷில் 'பை' (டாட்டா) என்றால் மூன்று சொல்.

அடுத்தது, 'அவங்கப்பாவும் மூணு வயசுலதான் பேசினார்' என்று காத்திருப்பது. தாமதமாகப் பேசும் பிள்ளைகளில் பலர் தாமாகவே எட்டிப்பிடிப்பது உண்மைதான். ஆனால் யார் பிடிப்பார், யார் பிடிக்கமாட்டார் என்று முன்கூட்டித் தெரியாது. ஒரு வயதாகியும் விரல் நீட்டிக் காட்டுவது, டாட்டா காட்டுவது எதுவும் இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 2 வயதில் 'அம்மா வா' போல இரண்டு சொல் சேரவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். வந்த சொற்கள் காணாமல் போனால் எந்த வயதானாலும் உடனே போக வேண்டும். நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வராது.

காது டெஸ்டைத் தட்டிக்கழிப்பது பெரிய தவறு. குக்கர் விசிலுக்குத் திரும்புகிற பிள்ளைக்குப் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். அடிக்கடி சளி பிடித்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்து கேட்கும் திறன் குறையலாம். பிறந்ததும் எடுத்த டெஸ்டில் பாஸ் ஆனதை நம்பி இருக்க முடியாது. ஒலி மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் 'பெரா' (BERA) டெஸ்ட் பிள்ளை தூங்கும்போது எடுப்பது, வலிக்காது.

அப்புறம் 'அடம்'. பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்து ஃப்ரிட்ஜுக்கு இழுக்கிறான். பிஸ்கட் கொடுக்கிறார், தள்ளிவிடுகிறான். பால் கொடுக்கிறார், கடிக்கிறான். முதுகில் ஒன்று விழுகிறது. அவனுக்கு வேண்டியது தயிர். அதைச் சொல்ல அவனிடம் இருந்தது அந்த இழுப்பு ஒன்றுதான். இங்கே அடியைவிட நயமாகத் தெரிகிற தவறு, 'தயிர்னு சொல்லு, அப்பத்தான் தருவேன்' என்பது. சொல்ல முடிந்தால் சொல்லியிருக்க மாட்டானா? தயிரையும் வாழைப்பழத்தையும் அவன் முன் தூக்கிக் காட்டி, 'தயிரா, பழமா?' என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் வாயை மூடிக் காத்திருங்கள். அவன் தொட்டாலே போதும், 'தயிர்!' என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். நாள் முழுக்க 'இது என்ன கலர்?' என்று பரீட்சை வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

போன் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததே. 2 வயதுக்குள் வேண்டாம், 2 முதல் 4 வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதன் சாரம். ஆனால் 'போனை நிறுத்திட்டோம், சரியாயிடும்' என்று ஆறு மாதம் ஓட்டுவதும் காத்திருப்புதான்.

ஆட்டிசமா, வேறு ஏதாவதா என்று பெயர் தெரிந்த பிறகுதான் பேச்சுப் பயிற்சி (தெரபி) என்று தள்ளிப்போட வேண்டாம். பெங்களூருவின் மத்திய அரசு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் குழந்தைகள் மனநலப் பிரிவு இருக்கிறது. மைசூருவில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. தனியார் சென்டர் என்றால் தெரபிஸ்டின் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. அவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 'மம்மு', 'ஜோஜோ', 'ஆய்' என்று வீட்டில் புழங்கும் சொற்களை அர்த்தத்தோடு ஒரு தாளில் எழுதி முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.