பாலைநில நகரத்தில் கடின நீர்: வீட்டில் எதை, எப்படிக் காப்பது

பாலைநில நகரங்களின் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் நெடுந்தொலைவு கடந்தே வீட்டுக்கு வருகிறது. லாஸ் வேகஸ் நகரம் தன் தண்ணீரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை மீட் ஏரி வழியாகக் கொலராடோ ஆற்றிலிருந்து பெறுகிறது. சுண்ணாம்புப் பாறைகளையும் ஜிப்சம் படிவுகளையும் தழுவி ஓடிவரும் அந்த ஆறு கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. இவை மிகுதியாகக் கரைந்த தண்ணீரே கடின நீர். வழியில் உள்ள நீர்த்தேக்கங்களில் வெயிலுக்குத் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தங்கிச் செறிவு கூடுகிறது. நிலத்தடி நீரை நம்பியிருக்கும் வறண்ட ஊர்களிலும் நிலைமை பெரிதும் வேறுபடுவதில்லை. சுத்திகரிப்பு நிலையங்கள் கிருமிகளை நீக்கினாலும் இந்தக் கடினத்தன்மையை வழக்கமாக அப்படியே விட்டுவிடுகின்றன, ஏனெனில் அது குடிப்பவருக்குக் கேடு விளைவிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் வகுக்கவில்லை. ஆகவே அச்சம் வேண்டாம். கேடு உடலுக்கு அன்று, வீட்டுச் சாமான்களுக்கு.

முதலில் அளந்து பாருங்கள். கடினத்தன்மையைக் கால்சியம் கார்பனேட் கணக்கில் சொல்வது வழக்கம்; ஒரு லிட்டரில் 60 மில்லிகிராம் வரை இருந்தால் மென்னீர், 61 முதல் 120 வரை மிதமானது, 121 முதல் 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் பகுப்பு. சில நாடுகளில் கிரெய்ன் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு அமெரிக்க கேலனுக்கு ஒரு கிரெய்ன் என்பது லிட்டருக்கு 17.1 மில்லிகிராம். குடிநீர் வாரியம் வெளியிடும் ஆண்டறிக்கையில் இந்த எண் பெரும்பாலும் இருக்கும். இல்லையெனில் கடினத்தன்மைக்கென்றே விற்கும் சோதனைத் தாளை வாங்கலாம். டி.டி.எஸ். மீட்டரை மட்டும் இதற்கு நம்ப வேண்டாம். அது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் மதிப்பிடுகிறது. சாதாரணச் சமையல் உப்பையும் சுண்ணாம்பையும் அதனால் பிரித்தறிய முடியாது.

கடின நீர் வீடு முழுவதையும் ஒரே சீராகப் பாதிப்பதில்லை. தண்ணீர் சூடாகும் இடத்திலும் தண்ணீர் காயும் இடத்திலும்தான் படிவு உண்டாகிறது. இந்த இரண்டையும் கவனித்துக்கொண்டாலே தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. வீட்டுக்கு வரும் தண்ணீர் முழுவதையும் மாற்றுவது பற்றி அதற்குப் பிறகு யோசித்தால் போதும்.

சூடாகும் இடங்களில் முதன்மையானது கீசர். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு ஏறும்போது கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறி, சூடேற்றும் கம்பியின் மீது ஓடு போலப் படிகிறது. தொட்டியின் அடியிலும் மணல் போலத் தங்குகிறது. அந்த ஓடு வெப்பத்தைத் தண்ணீருக்குக் கடத்தாமல் தடுப்பதால் கம்பி அளவுக்கு மீறிச் சூடாகி விரைவில் கருகிப்போகிறது. கீசரிலிருந்து சோளப்பொரி வெடிப்பது போன்ற சத்தம் கேட்டால், அடியில் வண்டல் சேர்ந்து அதற்குக் கீழே தண்ணீர் கொதிக்கிறது என்று பொருள். வெப்பநிலையை 60 டிகிரிக்கு மேல் தேவையின்றி ஏற்றி வைக்காதீர்கள். சூடு கூடக் கூடப் படிவும் வேகமாகும். தொட்டியுள்ள கீசரை ஆண்டுக்கு ஒரு முறையாவது கழுவிவிட வேண்டும். மின்சாரத்தையோ எரிவாயுவையோ நிறுத்தி, தண்ணீர் ஆறும்வரை பொறுத்திருந்து, குளிர்நீர் வரும் வால்வை மூடி, அடியிலுள்ள வடிகுழாயில் ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி, ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து காற்று நுழைய வழிசெய்த பின் வடியவிடுங்கள். வெள்ளைத் துகள்கள் வந்து நின்றதும், குளிர்நீர் வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து மூடினால் அடியில் மிஞ்சியிருக்கும் வண்டலும் கலங்கி வெளியேறும். தொட்டி முழுவதும் நிரம்பி, வெந்நீர்க் குழாயில் காற்றின்றித் தண்ணீர் சீராக வரும்வரை மின்சாரத்தை இணைக்கவே கூடாது. வெற்றுத் தொட்டியில் கம்பி ஒரு நிமிடத்துக்குள் எரிந்துபோகக்கூடும்.

கெட்டிலுக்கு இவ்வளவு பாடு இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம் கலந்து, சூடாக்கி, அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவினால் போதும்.

இனி காயும் இடங்கள். காற்றில் ஈரமே இல்லாத ஊரில் கண்ணாடியின் மீது தெறித்த துளி சில நிமிடங்களில் உலர்ந்துவிடுகிறது. துளியின் ஓரத்தில் வெள்ளை வளையமும் நடுவில் மெல்லிய தூளும் மிஞ்சுகின்றன. மறுநாள் அதே இடத்தில் அடுத்த துளி காய்கிறது. வாரக்கணக்கில் இப்படி அடுக்கடுக்காகச் சேர்வதைத்தான் நாம் உப்புக்கறை என்கிறோம். குளித்து முடித்ததும் ரப்பர் வழிப்பானால் கண்ணாடியை ஒரு முறை வழித்துவிடுவதற்கு ஈடான மருந்து எதுவும் கடையில் கிடைக்காது.

ஏற்கெனவே படிந்த கறையில் ஒரு சொட்டு வினிகரை விட்டு உற்றுப் பாருங்கள். நுண்குமிழிகள் எழும்பினால் அது சுண்ணாம்பு. வினிகரில் நனைத்த துணியை அதன் மீது ஒரு மணி நேரம் போர்த்திவைத்தால் இளகிவிடும். குமிழியே வராவிட்டால் அது ஜிப்சமாகவோ சிலிக்காவாகவோ இருக்கலாம். அதை அமிலத்தால் எத்தனை முறை தேய்த்தாலும் உழைப்பு வீண். ஷவர் முகப்பையும் குழாய் முனையிலுள்ள சல்லடையையும் கழற்றி வினிகரில் ஊறவைக்கலாம். மார்பிள் போன்ற சுண்ணாம்புக் கற்களின் மீது மட்டும் வினிகரோ சிட்ரிக் அமிலமோ படக்கூடாது, கல்லே அரிக்கப்படும். இவற்றைப் பிளீச்சுடன் எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். உண்டாகும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

வறண்ட நகரங்களில் பரவலாக இருக்கும் ஏர் கூலர் இந்தச் சிக்கலின் உச்சம் எனலாம். தண்ணீரை ஆவியாக்குவதே அதன் வேலை என்பதால், தொட்டியில் மிஞ்சும் தண்ணீர் மணிக்கு மணி கடினமாகிக்கொண்டே போகிறது. கூலரின் பக்கங்களில் தண்ணீர் ஊறும் மெத்தைகள் விறைத்துக் காற்றோட்டம் குறைகிறது. தொட்டியை அவ்வப்போது முழுவதும் வடித்துப் புதுத் தண்ணீர் நிரப்புங்கள்.

சலவையில், சோப்பு கால்சியத்துடன் சேர்ந்து கரையாத திரையாகித் துணியில் ஒட்டுவதால் வெள்ளைத்துணி மங்கி, துண்டு சொரசொரப்பாகிறது. டிடர்ஜென்ட் இதைப் பெருமளவு தாங்கும். அதன் உறையில் கடின நீருக்கெனக் குறித்திருக்கும் அளவைப் பின்பற்றினால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் தொல்லை தீரவில்லையென்றால் வாட்டர் சாஃப்ட்னரை நாடலாம். அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அவற்றுக்குப் பதில் சோடியத்தை விடுகிறது. லிட்டருக்கு 280 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள தண்ணீரை முழுவதும் மென்மையாக்கினால் ஏறத்தாழ 129 மில்லிகிராம் சோடியம் அதில் சேரும். உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். சோடியம் மண்ணின் அமைப்பைக் கெடுத்துச் செடிகளையும் வாட்டும் என்பதால், குடிநீர்க் குழாயையும் தோட்டக் குழாயையும் சாஃப்ட்னருக்கு முன்பே தனியாகப் பிரித்துவிடச் சொல்லுங்கள். கீசருக்குச் செல்லும் தண்ணீரை மட்டும் மென்மையாக்கினால் உப்புச் செலவும், சாஃப்ட்னர் தன்னைக் கழுவிக்கொள்ளச் செலவிடும் தண்ணீரும் குறையும்.

குடிப்பதற்கு மட்டும் ஆர்.ஓ. வைத்துக்கொள்பவர்கள் அது ஒதுக்கும் கழிவுநீரைச் சாக்கடையில் விடாமல் வாளியில் பிடித்துக் கழிவறைக்குப் பயன்படுத்தலாம். குழாய் நீரைவிடக் கடினமான அதைத் தொட்டிச் செடிகளுக்கு ஊற்ற வேண்டாம்.