செட்டிநாட்டு ஆற்றங்கரைகளில் பயன்பாட்டைக் கணக்கெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்ளூர் ஆற்றில் மக்கள் எந்த அளவுக்குக் குளிக்கிறார்கள், விளையாடுகிறார்கள், காற்று வாங்குகிறார்கள் என்பதைக் கணக்கெடுக்க முனையும் மாணவர்களும் தன்னார்வக் குழுக்களும் செய்யக்கூடிய முதல் தவறு, ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறுகளுக்காக வகுத்த முறையை அப்படியே இங்கே கொண்டுவருவது. தேனாறு, பாம்பாறு, விருசுழி ஆறு, மணிமுத்தாறு (நெல்லையில் அணை கட்டியிருக்கும் மணிமுத்தாறு வேறு) ஆகியவை மழையை நம்பிய ஆறுகள். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி நீர் ஓடும். பிறகு ஆங்காங்கே குட்டையாகத் தேங்கும். கோடையில் மணல்தான் மிஞ்சும்.

எடுத்துக்காட்டாக, இங்கிலாந்தில் குளிப்பதற்கான நீர்நிலையாக ஓர் ஆற்றுப் பகுதியை அறிவிக்க வேண்டுமானால், அங்கே எத்தனை பேர் குளிக்கிறார்கள் என்பதைக் கணக்கெடுத்துக் காட்ட வேண்டும். இல்க்லி ஊரில் ஓடும் வார்ஃப் ஆற்றின் ஒரு பகுதி 2020-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. அந்நாட்டின் அதிகாரப்பூர்வமான குளியல் பருவம் மே 15 முதல் செப்டம்பர் 30 வரை. அந்த நாள்களையே நம் கணக்கெடுப்புக்கும் வைத்துக்கொண்டால், தேனாற்றில் நீர் ஓடும் காலம் முழுவதும் கைநழுவிப் போகும். சித்திரையில் போய்ப் பார்த்துவிட்டு 'பயன்பாடு இல்லை' என்று எழுதுவதும், வெள்ளம் வந்த நாளில் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களை எண்ணி ஆண்டு முழுமைக்கும் பெருக்குவதும் ஒரே பிழையிலிருந்து பிறப்பவை. நீர் ஓடும் காலம், குட்டை நிற்கும் காலம், வறண்ட காலம் என்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனியாக எண்ணுவதே சரி. வறண்ட காலத்தை விட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். மணற்பரப்பில் பையன்கள் ஆடும் கிரிக்கெட்டும், வெயில் தாழ்ந்தபின் கூடி உட்கார்ந்து பேசும் பேச்சும் ஆற்றின் பயன்பாடுதான்.

ஆற்றை மட்டும் தனியாகப் பார்ப்பதும் நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். ஊருணியும் கண்மாயும் இல்லாத செட்டிநாட்டு ஊரைக் காண்பது அரிது. கண்மாய் நிரம்பிய ஆண்டில் ஆற்றுக்கு வருவோர் குறைந்தால், மக்களுக்கு ஆற்றின் மீது நாட்டம் குறைந்துவிட்டது என்று பொருளாகாது. எந்த ஊருணி குடிநீருக்கு, எதில் குளிக்கலாம் என்ற ஊர்க் கட்டுப்பாட்டைத் தெரிந்துகொள்ளாமல் எண்ணிக்கைகளை ஒப்பிடுவதில் பயனில்லை.

அடுத்தது நேரம். காலை பத்து மணிக்கு வந்து மாலை நான்கு மணிக்குத் திரும்பும் கணக்கெடுப்பாளர் வெயிலைத்தான் கணக்கெடுப்பார். விடியலும் அந்தியும் சேர்ந்தாக வேண்டும். அதேபோல், பொங்கலுக்கும் திருமணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் வெளியூர்களிலிருந்து குடும்பங்கள் வந்து, பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கும் நாள்களை வேலைநாள்களோடும் சாதாரண விடுமுறை நாள்களோடும் கலக்காமல் தனி வகையாக வைக்க வேண்டும்.

எண்ணும் முறையில்தான் மிகுதியானோர் இடறுகிறார்கள். ஒரு நேரத்தில் கரையில் இருந்தவர்களின் எண்ணிக்கையும் ஒரு நாளில் வந்தவர்களின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. மணிக்கு ஒருமுறை எண்ணி, அன்றைய கூட்டுத்தொகை 120 என்று வந்தால், அது ஏறத்தாழ 120 ஆள்-மணி நேரத்தை, அதாவது எல்லோரும் கரையில் கழித்த நேரத்தின் கூட்டுத்தொகையைக் குறிக்கும். ஒருவர் சராசரியாக அரை மணி நேரம் இருக்கிறார் என்றால் வருகைகள் 240. ஒரு மணி நேரம் இருக்கிறார் என்றால் 120. ஆகவே சராசரித் தங்கும் நேரத்தில் நேரும் பிழை முடிவையே இரட்டிப்பாக்கிவிடும். கரையில் கண்ணில் பட்டவர்களை மட்டும் கேட்டு அந்தச் சராசரியைக் கணக்கிடுவது இந்தப் பிழைக்கு நேர்வழி. இரண்டு மணி நேரம் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவர், கால் மணி நேரத்தில் குளித்துவிட்டுப் போகிறவரைவிட எட்டு மடங்கு அதிக வாய்ப்புடன் அகப்படுவார் அல்லவா? படித்துறையிலிருந்து கிளம்புவோரை, இன்னின்னார் என்று தேர்ந்தெடுக்காமல் குறிப்பிட்ட இடைவெளியில் வரிசையாகக் கேட்டால் இந்தச் சாய்வு பெருமளவு நீங்கும். ஒரே ஆள் காலையும் மாலையும் வந்தால் அது இரண்டு வருகை, ஆனால் ஒரு நபர் என்பதையும் அறிக்கையில் பிரித்துக் காட்ட வேண்டும்.

கேள்விகளைப் பொறுத்தவரை, 'பொழுதுபோக்கவா வந்தீர்கள்?' என்று கேட்டால், துணி துவைக்க வந்து அரை மணி நேரம் நீரில் கிடந்து கதை பேசிய பெண் இல்லை என்றுதான் சொல்வார். என்ன செய்தார், எவ்வளவு நேரம் இருந்தார், யாருடன் வந்தார் என்று கேட்டு, வகைப்படுத்துவதைப் பின்னால் நாம் செய்துகொள்ளலாம். 'ஆண்டுக்கு எத்தனை முறை?' என்பதும் வீண் கேள்வி. கடந்த ஏழு நாளில், அல்லது தீபாவளிக்குப் பிறகு என்று கேட்டால் நினைவு ஓரளவு கைகொடுக்கும்.

யாரைக் கேட்கிறோம் என்பதில் கூடுதல் கவனம் தேவை. ஊர்த் தலைவரான அம்பலத்திடமும் தேநீர்க் கடையில் இருப்பவர்களிடமும் பேசிவிட்டு ஊரின் கருத்து என்று எழுதுவது நேர்மையாகாது. பெண்கள் குளிக்கும் துறைக்குப் பெண் கணக்கெடுப்பாளரே செல்ல வேண்டும். அங்கே கைபேசியில் படம் எடுப்பதை, எந்தக் காரணம் சொன்னாலும், அனுமதிக்கக் கூடாது. எந்தத் தெரு மக்கள் எந்தத் துறையில் இறங்குகிறார்கள் என்பதைக் கவனிக்காத ஆய்வு, சாதி வகுத்த எல்லைகளைக் கண்டும் காணாததுபோல் கடந்துவிடும். மேலும், கரையில் இருப்பவர்களை மட்டும் கேட்டால், வராதவர்கள் ஏன் வரவில்லை என்பது ஒருநாளும் தெரியவராது. சீமைக் கருவேலம் மண்டி வழி அடைபட்டிருக்கலாம்; கழிவுநீர் கலந்திருக்கலாம்; மணல் அள்ளிய பள்ளத்தை எண்ணிப் பெற்றோர் பிள்ளைகளைத் தடுத்திருக்கலாம். இதற்கு வீடு வீடாகப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

கூட்டம் வருவதால் நீர் நன்றாக இருக்கிறது என்று முடிவுசெய்வது ஆபத்தானது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில், திறந்தவெளிக் குளியலுக்குரிய 'பி' வகை நீரில் மொத்தக் கோலிஃபார்ம் (கழிவு கலந்திருக்கலாம் என்பதைக் காட்டும் பாக்டீரியா வகை) 100 மில்லி லிட்டருக்கு 500-ஐத் தாண்டக் கூடாது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 3 மில்லிகிராமுக்கு மிகாமலும், அமில காரக் குறியீடு (pH) 6.5-க்கும் 8.5-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். மாதிரியை எடுக்க வசதி என்பதற்காகப் பாலத்தடியில் எடுக்காமல், மக்கள் இறங்கும் துறையில், அவர்கள் குளிக்கும் வேளையில் எடுக்க வேண்டும்; கார்த்திகையில் ஓடும் நீருக்குக் கிடைத்த முடிவைப் பங்குனியில் தேங்கிய குட்டைக்குப் பொருத்த முடியாது என்பதால், குட்டை நிற்கும் காலத்துக்கென்று தனி மாதிரியும் வேண்டும்.