ஜிப்ஸி பட்டை புஷ் மாற்றுவது எப்படி: கடலோர ஊர்க்காரர்களுக்காக

2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் எங்கள் தெருவுக்குள் வந்தபோது, என் மாருதி ஜிப்ஸி ஜீப் ஒன்றரை நாள் அச்சு முழுகத் தண்ணீரில் நின்றது. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சந்தோஷப்பட்டேன். மூன்று மாதம் கழித்து வேகத்தடையில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ஷாக் அப்சார்பர்தான் என்று நினைத்து அதை மாற்றினேன். காசு போனதுதான் மிச்சம். சத்தம் அப்படியே இருந்தது. பழுது பட்டை புஷ்ஷில். பட்டை என்பது வண்டியைத் தாங்கும் இரும்புத் தகட்டு ஸ்பிரிங். அதன் முனையிலுள்ள வளையம்தான் கண், கண்ணுக்குள் உட்காரும் ரப்பர்தான் புஷ்.

பட்டையின் கண்ணுக்கும் சேஸிஸ் பிராக்கெட்டுக்கும் நடுவில் ஒரு லீவரைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். ரப்பர் கொஞ்சம் அமுங்கித் திரும்பினால் சரி. இரும்போடு இரும்பு மோதினால் புஷ் போய்விட்டது. எனக்கு முன்பக்கம் இடது, வலது இரண்டுமே போயிருந்தன.

சாமான் வாங்குவது

ஜிப்ஸிக்கு நாலு பக்கமும் பட்டைதான். முன்பட்டைக்கு ஷேக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் துண்டு) முன்னால் இருக்கும், நேராக பிராக்கெட்டில் போல்ட் போட்ட நிலையான முனை சக்கரத்துக்குப் பின்னால். பின்பட்டைக்கு இது தலைகீழ். ஷேக்கிள் பக்க புஷ் சுலபமாகக் கிடைக்கிறது, சுலபமாகக் கழல்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தலைவலி முழுக்க நிலையான முனையில்தான்.

கடைக்குப் போய் "ஜிப்ஸி புஷ்" என்று மட்டும் கேட்காதீர்கள். 1985-இல் வந்தது எம்.ஜி.410. 1993-இல் சக்கர அகலம் கூடி எம்.ஜி.410டபிள்யூ ஆனது. 1996-இல் 1.3 லிட்டர் இன்ஜினோடு ஜிப்ஸி கிங், அதாவது எம்.ஜி.413டபிள்யூ. மாடல், வருஷம், முன்பக்கமா பின்பக்கமா, எந்த முனை என்று நாலையும் சொல்லிக் கேளுங்கள். பாகத்தின் எண் கிடைத்தால் இன்னும் நல்லது. சுசுகி எண்ணில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும், அடுத்த ஐந்து எந்த மாடலுக்கானது என்பதைச் சொல்லும். முதல் ஐந்தை மட்டும் பார்த்து வாங்கிவந்து நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கடைக்காரர், "வண்டி தயாரிப்பே நின்னு போச்சு தம்பி, புஷ் எங்கேர்ந்து வரும்?" என்று கேட்டார். புதுச்சேரியிலும் அதே பதில்தான். கடைசியில் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைத்து, பார்சலில் வந்தது. புதுச் சாமானுக்கு அந்த ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. ஆனால் புஷ், யு-போல்ட் (பட்டையை அச்சோடு கட்டும் U வடிவப் போல்ட்) இரண்டையும் பழசாக வாங்காதீர்கள்.

பாலியூரித்தேன் புஷ் போடச் சொல்லிச் சிலர் அடம்பிடிப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. நீண்ட நாள் உழைக்கும்தான், ஆனால் கிரீஸ் காய்ந்தால் கீச்சுகீச்சென்று கத்தும், ரோட்டின் ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும்.

இப்போது முக்கியமான விஷயம். புஷ்ஷோடு போல்ட்டையும் நட்டையும் சேர்த்தே வாங்குங்கள். வாங்கி வீட்டில் வைத்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். நான் புஷ் மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தேன். பழைய போல்ட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது, வண்டி ஒன்பது நாள் ஸ்டாண்டில் நின்றது.

ஹார்டுவேர் கடைப் போல்ட் ஆகாது. தலையில் வலிமையைக் காட்டும் 8.8 அல்லது 10.9 என்ற எண் இருக்க வேண்டும். மரை இல்லாத வழவழப்பான பகுதி புஷ் முழுவதையும் தாண்டி வர வேண்டும். புஷ்ஷுக்குள் மரை போனால் ஆட்டம் விழும்.

கழற்றுவது

சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். சேஸிஸைத் தூக்கி இரும்பு ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஹாலோ பிளாக் கல்லை அடியில் வைப்பவர்களைப் பார்க்கிறேன், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். அச்சுக்குக் கீழே தனியாக ஒரு ஜாக்கி. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். ஷாக் அப்சார்பரின் கீழ்முனை, யு-போல்ட், ஷேக்கிள் என்ற வரிசையில் கழற்றலாம். அச்சு இறங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நிலையான முனையின் போல்ட். நட்டு பேசாமல் வந்துவிட்டது. போல்ட் தலையில் ரிங் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினேன். கால் சுற்று வந்தது. ஆகா என்று கையை எடுத்தால், ஸ்பேனர் தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பிப் போனது! நாலைந்து முறை இப்படிச் செய்த பிறகுதான் புரிந்தது: போல்ட் திரும்பவே இல்லை. புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு அது துருவில் ஒன்றாகிப்போயிருந்தது. நான் முறுக்கியது ரப்பரை.

உப்புக்காற்று ஊரில் இதுதான் நடக்கும். டீசல், மண்ணெண்ணெய் என்று மூன்று நாள் ஊற்றினேன். குழாயின் இரண்டு முனையும் பிராக்கெட்டோடு இறுகியிருக்கும்போது எண்ணெய் உள்ளே போக வழியே இல்லை. சம்மட்டியால் அடித்ததில் மரை பூப்போல் விரிந்ததுதான் பலன். மெக்கானிக் அண்ணன் கேஸ் வைத்துச் சுட்டுவிடலாம் என்றார். பெட்ரோல் வண்டி, பக்கத்திலேயே பிரேக் பைப். வேண்டாம் என்றுவிட்டேன்.

அறுப்பதுதான் வழி. பட்டையின் கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே ரப்பர் விளிம்பு தெரியும். அங்கேதான் பிளேடு போக வேண்டும், இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெட்டு. வெளிப்பக்கம் கிரைண்டரில் 1 மி.மீ. டிஸ்க் போட்டால் ஐந்து நிமிஷ வேலை. உள்பக்கம் கிரைண்டர் நுழையாது. பைமெட்டல் ஆக்சா பிளேடை, அங்குலத்துக்கு 24 பல் உள்ளதாகப் பார்த்து வாங்கி, ஒரு முனையில் துணியைச் சுற்றி வெறும் கையால் அறுத்தேன். இரண்டு மணி நேரம், ஐந்து பிளேடு. இரண்டாவது பக்கத்துக்குப் புத்தி வந்து ரெசிப்ரோ சா (பிளேடு முன்னும் பின்னும் ஓடும் மின்ரம்பம்) கடன் வாங்கினேன். பத்து நிமிஷத்தில் முடிந்தது. அது கிடைத்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

பிளேடு பிராக்கெட் பக்கம் சாய்ந்துவிடும், அடிக்கடி நிறுத்திப் பாருங்கள். கடைசி வெட்டு முடியும் முன் பட்டையில் இழுவிசை இல்லாதபடி ஜாக்கியை ஏற்றி இறக்கிச் சரிசெய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் பட்டை துள்ளும். லாரிப் பட்டையில் அரிவாள் அடிப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள், அந்த இரும்புக்குக் கை ஒரு பொருட்டே இல்லை.

மாட்டுவது

பழைய புஷ்ஷை முதுநகரில் ஒரு லேத் பட்டறையில் பிரஸ் வைத்து எடுத்தேன். வீட்டிலேயே எடுப்பதானால், ரப்பரைத் துளைத்து எடுத்துவிட்டு வெளிக்கூட்டை நீளவாக்கில் அறுத்துத் தட்டலாம். பட்டையின் கண்ணில் கீறல் விழக் கூடாது. புதிய புஷ்ஷுக்குச் சோப்புத் தண்ணீர் போதும், எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பிவிடும். கிரீஸ் போட வேண்டிய இடம் வேறு: போல்ட்டின் வழவழப்பான பகுதியில், தாராளமாக. அடுத்த முறை அறுக்காமல் கழற்ற வேண்டுமே.

பட்டையை ஏற்றும்போது, தகடுகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை அச்சிலுள்ள குழியில் சரியாக உட்கார வேண்டும். கண்ணால் பார்த்தால் உட்கார்ந்த மாதிரியே இருக்கும், விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அப்புறம் யு-போல்ட் நாலு நட்டையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

பின்சேர்க்கை: இதைப் பார்த்து வேலை செய்த நெய்வேலி நண்பர் ஒருவருக்கு நாலே மாதத்தில் புதுப் புஷ் கிழிந்துவிட்டது. வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே புஷ் போல்ட்டுகளை முழுசாக முடுக்கியிருக்கிறார். தப்பு என்னுடையது, நான் எழுதவில்லை. தொங்கும் நிலையில் முடுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே இருக்கும். கையால் போட்டு வையுங்கள். வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் நாலடி உருட்டி, நாலு சக்கரமும் தரையில் இருக்கும்போது கீழே படுத்து முடுக்குங்கள். யு-போல்ட்டை மட்டும் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு முறை பாருங்கள். எனக்குச் சிதம்பரம் போய் வந்த பிறகே அரைச் சுற்று ஏறியது.